வாய்ப்பூட்டு பற்றிய பணிவான விளக்கம்

எண்: த.வி. 4/2000
பாப்பனங்கோடு, திருவனந்தபுரம்
17-7-2000, திங்கட்கிழமை, காலை 6 மணி 20 நிமிடம்

பெறுநர்: திரு. தங்கையன் அவர்கள், தலைமையாசிரியர் (ஓய்வு), குழித்துறை.

பொருள்: 15-7-2000 சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுப் பின்னறையிலிருந்து கேட்ட பெண் குரல் – விளக்கம் அளித்தல் – மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: (1) எனது 20-5-2000 தேதியிட்ட கடிதம். (2) தங்களது 27-5-2000 தேதியிட்ட பதில்.

கர்த்தருக்குள் மிகுந்த மதிப்பிற்குரிய ஐயா அவர்களின் சமூகத்திற்கு, சத்தியநேசன் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மனைவி தாசம்மாளும், மகள் ஷெமியும் ஆக மூவரும் சரீர சுகத்துடன் இருக்கிறோம். மூவர் என்று எழுதியிருப்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். நான்காவதாக ஒருவர் இவ்வீட்டில் இல்லை. எக்காலத்திலும் இருந்ததில்லை. இக்கடிதத்தின் சாரம் அவ்வளவே. அதை மட்டும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அட்டையைத் தபால்காரரும் வாசிப்பார் என்பதால் உறையிலிட்டு விரிவாக எழுதத் துணிந்தேன்.

தங்களைச் சம்பந்தி என்று விளிக்க எனக்கு இப்போது உரிமை உண்டா என்று தெரியாததால் ஐயா என்றே எழுதுகிறேன். சனிக்கிழமை மாலை தாங்களும், தங்கள் துணைவியார் எலிசாள் அம்மாளும், மகன் சஜியும் எங்கள் மகளைப் பார்க்க வந்துவிட்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். ஷெமி இதற்கு முன் வந்த கல்யாண ஆலோசனைகளுக்கெல்லாம் "பாப்போம்" என்று மட்டும் சொல்லியவள். சஜியின் புகைப்படத்தைப் பார்த்துத்தான் முதன்முறையாக "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நானும் தாசம்மாளும் நெடுங்காலம் காத்திருந்தோம். அது என்னால், என் ஒருவனால் மட்டும், கெட்டுப்போயிற்று. ஆகவே எனக்கு எவ்வளவு தலைகுனிவு நேர்ந்தாலும் நடந்ததை நடந்தபடியே தெரிவிப்பது என் கடமை.

முதலில் என்னைப் பற்றி ஒரு விவரம். நான் 1958 முதல் 1989 வரை கருவூலத்தில் பணிபுரிந்தவன். கருவூலத்தின் பெட்டக அறைக்கு இரட்டைப் பூட்டு உண்டு. ஒரு சாவி அதிகாரியிடம், மற்றது காசாளரிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். அதிகாரி தனியாக எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கதவுக்கு அது போதாது. இந்த ஏற்பாட்டைவிடச் சிறந்ததை மனித குலம் கண்டுபிடிக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். அவற்றில் என் பொறுப்பிலிருந்த சாவி என் இடுப்பைவிட்டு இறங்கியது உறங்கும்போது மட்டுமே. அப்போதும் அது தலையணைக்கு அடியில்தான் இருக்கும். இதை நான் பெருமைக்காக எழுதவில்லை. பெருமைப்பட எனக்கு இனி எதுவுமில்லை. பூட்டு என்று எங்கேனும் காதில் விழுந்தால் நின்றுவிடுவது என் தொழில் வழக்கம் என்பதைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

5-2-2000 சனிக்கிழமை மாலை, நான் குடையைத் தேடிக்கொண்டு எங்கள் பின்னறைக்குள் சென்றேன். அங்கே தாசம்மாள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயா, இவ்விடத்தில் தாங்கள் திடுக்கிடுவீர்கள் என்று அறிவேன். பார்வை (1)-இல் கண்ட கடிதத்தில் "எங்கள் வீட்டு முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது" என்று எழுதியிருந்தேன். அது உண்மை. முன்னறையில் கிடையாது. தாங்கள் அதை "வீட்டில் கிடையாது" என்று வாசித்து, பார்வை (2)-இல் "எங்கள் வீட்டிலும் அந்தச் சனியனை நுழையவிடவில்லை, தங்கள் வீட்டோடு சம்பந்தம் கொள்ள எங்களுக்கு இதுவே முதற்காரணம்" என்று மகிழ்ந்து எழுதியபோது, அந்த ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டித் திருத்தியிருக்க வேண்டியவன் நான். திருத்தவில்லை. அந்தப் பெட்டி ஷெமி தன் முதல் சம்பளத்தில் தன் தாயாருக்கு வாங்கிக் கொடுத்தது. நான் எதிர்த்தேன். எதிர்ப்பின் விளைவாகப் பெட்டி பின்னறைக்கு மாற்றப்பட்டு, அதன்மேல் பூப்போட்ட துணி ஒன்று விரிக்கப்பட்டது.

அன்று அந்தப் பெட்டிக்குள், ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புக் கோட்டையைக் கண்டேன். சனிக்கிழமைதோறும் மாலை ஐந்தரை மணிக்கு வரும் "வான்கோட்டை ஒன்பது" என்ற அயல்நாட்டுத் தொடரின் தமிழ் மொழிபெயர்ப்பு. அதில் ஒரு கதவு மூடியது. தாழ்ப்பாளுக்குக் கொண்டி இல்லை. சாவித் துவாரம் இல்லை. நான் குடையை மறந்து நின்றுவிட்டேன்.

"இதுக்குச் சாவி ஆருட்ட இருக்கு?" என்று கேட்டேன்.

"சாவி கெடையாது. வாயால சொன்னா தொறக்கும்," என்றாள் தாசம்மாள்.

"அப்பம் டூப்ளிகேட்?"

"நின்னு கேள்வி கேக்காம இப்பிடி இருந்து பாருங்க."

உட்கார்ந்தேன். அதுதான் என் வீழ்ச்சி. அந்தக் கோட்டையின் ஒவ்வொரு கதவும் தன் உரிமையாளரின் குரலை அறியும். அவர் "நான்தான், திற" என்றால் திறக்கும். தவறான குரல் மூன்று முறை கேட்டுவிட்டால் கதவும் சுவரும் உருகி ஒன்றாகிவிடும். பின்பு உரிமையாளரே வந்து மன்றாடினாலும் திறக்காது. இந்தப் பூட்டுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இட்ட பெயர் "வாய்ப்பூட்டு". தமிழறிந்த எவரும் வாய்ப்பூட்டு என்றால் ஒருவரைப் பேசவிடாமல் செய்வது என்றே பொருள் கொள்வார்கள். வாயால் திறக்கும் பூட்டு என்ற கருத்தில் இவர்கள் நேர் எதிரான சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். "குரற்பூட்டு" என்று திருத்தும்படி நான் அந்த அலைவரிசைக்கு எழுதினேன். பதில் இல்லை. திருத்தியிருந்தால் எலிசாள் அம்மாள் இன்று நிம்மதியாக இருந்திருப்பார்கள். ஆயினும் என் குற்றத்தை மொழிபெயர்ப்பாளர் தலையில் ஏற்ற நான் விரும்பவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். மாலை வேளைகளில் சபையார் தொலைக்காட்சி பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று எங்கள் சபைக் கமிட்டியில் ஒரு தீர்மானம் நிறைவேறியது தங்களுக்கும் தெரியும். தாங்கள் அதைப் பாராட்டியும் எழுதியிருந்தீர்கள். அதை முன்மொழிந்தவன் நான். முன்மொழிந்த நாள் 12-3-2000. தொடரை நான் முதன்முதலாகப் பார்த்த நாள் 5-2-2000. இவ்விரு தேதிகளின் வரிசையை மாற்றி எழுதிவிடலாமா என்று இப்போது ஒரு நிமிடம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாற்றவில்லை.

3-6-2000 அன்று அந்தத் தொடரில் ஒரு விபரீதம் நேர்ந்தது. வாய்ப்பூட்டைச் செய்தவளே ஒரு பெண். சூரா என்ற பொறியாளர். அவள் தன் அறைக்குள் இருந்தபோது தொண்டையில் ஏதோ விண்தூசி புகுந்து குரல் கட்டிப்போயிற்று. கதவு மூடிக்கொண்டது. "நான்தான், திற" என்கிறாள். அவள் செய்த பூட்டு அவளையே அறியவில்லை. இரண்டு முறை கேட்டாகிவிட்டது. மிச்சம் ஒரே முறை. உள்ளே சுவாசிக்கக் காற்று குறைந்துகொண்டே வருகிறது. இப்படியே வாரங்கள் கடந்தன. இரட்டைப் பூட்டாக இருந்திருந்தால், காசாளரைப் போல இன்னொருவருடைய குரலும் பதிவாகியிருந்தால், இந்த நிலை வந்திருக்குமா? நான் தூங்காமல் இருந்ததுண்டு. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் "அடைபட்டிருக்கிறவர்களுக்காக" என்று நான் உருக்கமாக ஜெபித்தபோது சபையார் சிறைச்சாலைகளை நினைத்துக்கொண்டார்கள். என் மனதில் இருந்தது யார் என்பதைக் கர்த்தர் அறிவார்.

அவள் எப்படி வெளியே வருவாள் என்பது 15-7-2000 மாலை ஐந்தரை மணிக்குத் தெரியும் என்று முந்தின வாரமே அறிவித்துவிட்டார்கள். பெண் பார்க்கும் நாளை நானே தேர்ந்தெடுத்தேன். நேரத்தையும் நானே குறித்தேன். நான்கு மணிக்குத் தாங்கள் வந்து ஐந்தேகாலுக்குப் புறப்பட்டுவிடுவீர்கள் என்பது என் கணக்கு. பாலராமபுரத்தில் ஊர்வலம் ஒன்று பேருந்துகளை மறித்தது என் கணக்கில் இல்லை. தாங்கள் ஐந்து மணி கடந்து வந்து சேர்ந்தீர்கள். வந்ததும் ஜெபம் செய்தீர்கள். அருமையான ஜெபம். ஆபிரகாமில் தொடங்கி ஈசாக்கு, யாக்கோபு என்று அது வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தபோது நான் ஒரு கண்ணைத் திறந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். அதே நேரத்தில் எலிசாள் அம்மாளும் ஒரு கண்ணைத் திறந்து எங்கள் சுவரில் விரிசல் உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருடைய கண்களும் சந்தித்தன. இருவரும் உடனே மூடிக்கொண்டோம்.

ஷெமி காப்பி கொண்டுவந்தாள். சஜி அவளைப் பார்க்காமல் காப்பியைப் பார்த்தான். பிள்ளையின் ஒழுக்கம் எனக்குப் பிடித்தது. நான் எழுந்து, வயிறு சரியில்லை, இதோ வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். என் வயிற்றுக்கு எக்குறையும் இல்லை. நான் சென்றது பின்னறைக்கு. மழைக்குக் கதவின் மரம் உப்பி, கொண்டி இறுகலாக இருந்தது. அதை மல்லுக்கட்டிப் போட்டுவிட்டு, பெட்டியை இயக்கி, சத்தத்தை அறவே குறைத்து, காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக்கொண்டேன். சூரா மூன்றாம் முறை பேச வாயெடுத்தாள். சரியாகக் கேட்கவில்லை. குமிழை ஒரு நெல்லளவு திருப்பினேன். குமிழ் கழன்று என் கையில் வந்துவிட்டது. சத்தம் முழு அளவுக்குப் போய்விட்டது. எஞ்சியிருந்த சிறு கம்பியை விரலால் பிடித்துத் திருக முயன்றேன், வழுக்கியது. அதற்குப் பிறகு முன்னறையில் நடந்தவை அனைத்தையும் நான் கதவுக்கு இப்பால் நின்று கேட்டேன்.

"அது ஆராக்கும் உள்ளே?" – இது எலிசாள் அம்மாள்.

"எது?" என்றாள் தாசம்மாள்.

"எதுன்னா? ஒங்களுக்குக் காது கேக்கல்லியா? ஒரு பொம்பள கெடந்து அலறுதே!"

அந்த நேரம் பார்த்துச் சூரா தன் பூட்டை நோக்கிக் கதறினாள்: "நான் இங்கேயே வாழ்ந்தவள்! என் குரல் உனக்குத் தெரியவில்லையா? எத்தனை நாள் என்னை இப்படி அடைத்து வைப்பாய்?"

"கர்த்தாவே, இந்த வீட்டுப் பிள்ளையாக்கும்!" என்றார்கள் எலிசாள் அம்மாள்.

"ஐயோ, இந்த வாய்ப்பூட்டு! இந்த வாய்ப்பூட்டு என் உயிரைக் குடிக்கப் போகிறது!" என்றாள் சூரா.

"வாய்ப்பூட்டா? வாயையுமா கெட்டிப் போட்டிருக்காவ?"

இவ்விடத்தில் தாங்கள் ஒருவர்தான் அறிவோடு பேசினீர்கள் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். "எலிசா, வாயைக் கெட்டியிருந்தா இப்பிடிப் பேச முடியுமா?" என்று கேட்டீர்கள். தர்க்கம் முற்றிலும் சரி. ஆனால் அம்மாள், "காப்பி குடிக்க அவுத்து விட்டிருப்பாவ," என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஏன் அப்போதே குரல் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். கழிவறைக்குப் போயிருப்பதாகத் தாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் "இங்கே இருக்கிறேன்" என்றால், அலறும் ஒரு பெண்ணோடு கொண்டி போட்ட அறைக்குள் நான் இருப்பதாக ஆகிவிடும். அது தொலைக்காட்சி என்று சொன்னால், தொலைக்காட்சி கிடையாது என்று எழுதியவன் ஆகிவிடுவேன். எந்தப் பக்கம் வாய் திறந்தாலும் மானம் போகும். ஒரே ஒரு முறை "நான்தான்" என்று சொல்லியிருந்தால் போதும், எல்லாம் தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. குமிழைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது தாசம்மாள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அது அவியளுக்க தங்கச்சி. கொஞ்சம் ஒரு மாதிரி. பாவம், மழைக்காலம் வந்தா கூடும்."

"அம்மா!" என்றாள் ஷெமி.

தாசம்மாள் பின்னறைக் கதவருகே வந்து ஓங்கித் தட்டி, "கொஞ்ச நேரம் சும்மா கெடக்க மாட்டியா?" என்று அதட்டினாள். அது எனக்குச் சொன்னது. தங்கச்சி என்று சொன்னபின் மரியாதை விகுதி போட முடியாததால் ஒருமையில் சொன்னாள். அதே நொடியில், எங்கோ மழைக்காற்றில் மரக்கிளை கம்பியில் விழுந்திருக்க வேண்டும், மின்சாரம் போயிற்று. சூரா பாதிச் சொல்லில் நின்றுவிட்டாள்.

வீடே அமைதியாயிற்று.

"ஒத்த வார்த்தைக்கு அடங்கிப்போச்சே," என்று எலிசாள் அம்மாள் மெல்லச் சொன்னது கேட்டது. "என்ன அடி அடிச்சு வளத்திருப்பாவளோ."

இனித் தாமதிப்பதில் பொருளில்லை, வெளியே சென்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். இருட்டில் தடவிக் கொண்டியை எடுத்தேன். கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. தோளால் இடித்தேன். திறக்கவில்லை. கதவு அதிர்வதைத் தாங்கள் முன்னறையிலிருந்து கண்டீர்கள். "இடிச்சுத் தொறந்திரும் போலிருக்கே, எறங்குங்க, எறங்குங்க," என்று அம்மாள் சொல்ல, நாற்காலிகள் நகரும் ஓசை கேட்டது. நான் இன்னும் வேகமாக இடித்தேன். தாங்கள் இன்னும் வேகமாகப் போனீர்கள்.

படிக்கட்டில் சஜி மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கி ஷெமியிடம், "அத்தைய ஆரும் மெரட்டாண்டாம், கேட்டியா?" என்று சொன்னானாம். ஷெமி இதை என்னிடம் சொன்னபோது சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்து நாளாயிற்று.

தாங்கள் போனபின் அவள் கதவருகே வந்து, "அப்பா, தள்ளாதீங்க. உள்ளே இழுங்க," என்றாள். இழுத்தேன். திறந்துவிட்டது. அது எப்போதும் உட்புறமாகத் திறக்கும் கதவு. இந்த வீட்டைக் கட்டியவன் நான். அந்தக் கதவை அப்படி வைக்கச் சொன்னவனும் நான். காலமெல்லாம் பெட்டக அறைக்குக் காவல் நின்றவனும் நான்.

தாசம்மாளிடம் கேட்டேன், எதற்காக இல்லாத ஒரு தங்கையை உண்டாக்கினாய் என்று.

"பின்னே என்ன சொல்லணும்?" என்றாள். "டி.வி. வேண்டாமுன்னு தீர்மானம் போட்ட கமிட்டிக்காரரு உள்ள இருந்து டி.வி. பாக்கியாருன்னா? டி.வி.ன்னு சொன்னா நீங்க பொய்யன் ஆவிய. தங்கச்சின்னு சொன்னா பாவப்பட்டவரு ஆவிய. நான் நல்லதைத்தான் நெனச்சேன்."

"எனக்குத் தங்கச்சியே கெடையாதே!"

"ஒருத்தி இருந்திருந்தா ஒங்களுக்கு இம்புட்டு வாய்ச்சவடால் வந்திருக்காது," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அதோடு நின்றிருந்தால் எனக்கும் தங்களுக்கும் இடையிலான விஷயமாகப் போயிருக்கும். ஆனால் இந்த ஆலோசனையை நமக்கிடையே பேசி முடித்த ஜெபமலர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். தாங்கள் வீடு சேர்ந்ததும் எலிசாள் அம்மாள் அவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் ஆராதனையில் போதகர் ஐயா விண்ணப்பங்களை வாசிக்கும்போது, "நம்முடைய சகோதரன் சத்தியநேசன் நெடுங்காலமாகச் சபைக்கு மறைத்து வைத்து ஒற்றையாகச் சுமந்துவரும் பாரத்திற்காக, அவருடைய பிரியமான சகோதரியின் கட்டுகள் அவிழ்க்கப்படும்படிக்கு" என்று வாசித்தார். சபை முழுவதும் எழுந்து நின்று கண்ணீரோடு ஜெபித்தது. நான் தலை குனிந்து நின்றேன். ஜெபத்தின் முடிவில் எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன். ஐயா, இந்த அறுபத்தாறு வயதில் நான் பட்ட வெட்கம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, அந்த ஆமெனை மறு தட்டில் வைத்தால், ஆமென்தான் கீழே இறங்கும்.

ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயாவைத் தனியே சந்தித்து உண்மையைச் சொன்னேன். "இல்லாத ஆளுக்கா சபை மொத்தமும் ஜெபிச்சுது?" என்று கேட்டார். ஆம் என்றேன். "போட்டும். ஜெபம் வீணாப் போவாது. வேற ஆருக்காவது போய்ச் சேந்திருக்கும்," என்றார். என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை என்பதைச் சான்றளித்து ஒரு கடிதம் தரும்படி வேண்டினேன். இத்தனை வருட ஊழியத்தில், ஒருவருக்கு உடன்பிறப்பு இல்லை என்று சான்று கேட்டு வந்த முதல் ஆள் நான்தான் என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அதை இத்துடன் இணைத்துள்ளேன்.

ஆகவே ஐயா, என் குடும்பத்தில் ஒரு மாதிரி இருப்பவர் எவருமில்லை. எந்தப் பெண்ணையும் நாங்கள் அடைத்து வைக்கவில்லை, அடிக்கவில்லை, வாயைக் கட்டவில்லை. தாசம்மாள் சொன்னது பொய். அந்தப் பொய்யைப் பிறப்பித்தது என் பொய். ஷெமி இதில் எதற்கும் உடந்தையல்ல. தண்டனை என்று ஒன்று உண்டானால் அதை எனக்கு விதியுங்கள். அவள் என் மகளாயிருப்பதைத் தவிர வேறு குற்றம் செய்யவில்லை.

தங்கள் வீட்டு வாசலில் சமாதானம் தங்கியிருக்கவும், தங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளைத் தாங்கள் கண்குளிரக் காணவும், அந்தப் பிள்ளைகளுக்கு என்னையும் தாத்தா என்று அழைக்க ஒரு வழி உண்டாகவும் வேண்டி நிற்கும்,

தங்கள் பணிவுள்ள,
ச. சத்தியநேசன்

பி.கு. (அதே நாள், இரவு 7 மணி 50 நிமிடம்): காலையில் உறையை ஒட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டதால் தபாலில் சேர்க்க இயலவில்லை. சற்று முன் எலிசாள் அம்மாள் தொலைபேசியில் அழைத்தார்கள். தாசம்மாள்தான் எடுத்தாள். நானும் ஷெமியும் அருகில் நின்றோம். அம்மாளின் குரல் எப்போதும் உரத்தது என்பதால் எங்களுக்கும் கேட்டது. தங்களுக்கு இந்த ஆலோசனை முழுச் சம்மதம் என்றார்கள். "ஒரு சொகமில்லாத்த பிள்ளைய வெளிய தள்ளாம இத்தன காலம் வீட்டுக்குள்ளயே வச்சுப் பாக்கிய குடும்பம், நாளைக்கு எனக்க மவன் சொகமில்லாம கெடந்தாலும் விட்டுட்டுப் போவாது. எனக்கு அது போதும்," என்றார்கள். பின்பு, "எனக்க தம்பிக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. நாங்க ஒரு எடத்துல கொண்டுபோய் விட்டோம். பின்னே போய்ப் பாக்கல்ல," என்றார்கள். வரும் 22-7-2000 சனிக்கிழமை வந்து என் தங்கையோடு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போக வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார்கள். பெயர் கேட்டார்கள். தாசம்மாள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து அழுதாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால் கல்யாணம் நடந்துவிடும். அனுப்பினால் நடக்குமோ நடக்காதோ. மேசைமேல் வைத்துவிட்டு ஷெமியைப் பார்த்தேன். "அனுப்புங்கப்பா," என்றாள். "அந்த அம்மை வந்து ஆரப் பாத்துட்டுப் போவாவ?"

ஆகவே அனுப்புகிறேன். தாங்களே இதை அம்மாளுக்கு மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். சனிக்கிழமை வருவதை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே, இக்குடும்பத்தில் ஒரு மாதிரி இருப்பவர் எவருமில்லை என்று எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒருவர் இருக்கிறார். வெகு காலமாக அவரை வீட்டார் பொறுமையாகத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். மழைக்காலத்தில் கூடும் என்று தாசம்மாள் சொன்னதும் தவறில்லை. அம்மாள் வந்தால் நான் அந்தப் பின்னறையில் இருப்பேன். அவர்கள் எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தம்பியைப் பற்றி என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். கொண்டி போட மாட்டேன்.

இத்துடன் இணைக்கப்பட்டவை:

1. எனக்கு உடன்பிறந்தார் எவருமில்லை என்பதற்குப் போதகர் ஐயா அளித்த சான்று – ஒன்று.

2. 1946-இல் எடுத்த குடும்பப் புகைப்படம் – ஒன்று. (நடுவில் முறைத்துக்கொண்டு நிற்பவன் நான். பக்கத்தில் இருப்பது பூந்தொட்டி.)

3. தொலைக்காட்சிப் பெட்டியின் குமிழ் – ஒன்று. இனி இந்த வீட்டில் அந்தப் பெட்டி பேசாது என்பதற்கு அடையாளமாக. (சனிக்கிழமை புறப்படும்போது மறவாமல் கையோடு எடுத்துவரவும். ஐந்தரை மணிக்குள் வந்துவிட்டால் நலம்.)